‘அவன் தெரியாதவன் இல்லைம்மா, என் ஃப்ரெண்ட்!’

குழந்தைகளின் ஆன்லைன் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளில், ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் பற்றியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் குழந்தைகளுடையது என்பதால் கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டோம்.

என் மகளுக்கு ஏழு வயது. ‘தெரியாதவங்ககூட பேசக் கூடாது’ என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாள். போன வாரம் டேப்லெட்டில் விளையாடும்போது யாரோ ஒரு பையனுடன் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டால், ‘அவன் தெரியாதவன் இல்லைம்மா, என் ஃப்ரெண்ட். நாலு நாளா சேர்ந்து விளையாடுறோம்’ என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?
– ஓர் அம்மா

உங்கள் மகள் சொல்பேச்சு கேட்காதவள் இல்லை. ‘தெரியாதவர்’ என்ற சொல்லுக்கு அவள் கொண்டிருக்கும் பொருள் வேறு. ஏழு வயதில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது முரட்டு முகம், கரகரத்த குரல், தெருவில் நிற்கும் ஆள். பெயர் தெரிந்து நாலு நாள் சேர்ந்து சிரித்தும் விட்டால் அவர் ‘தெரிந்தவர்’ கணக்கில் சேர்ந்துவிடுகிறார். தவறான நோக்கத்தோடு வருகிறவர் முதலில் செய்கிற வேலையும் அதுதான். அவர் அவசரப்படுவதே இல்லை. அதனால் ‘யாருடன் பேசலாம்’ என்ற விதி சீக்கிரமே ஓட்டையாகிவிடும். ‘என்ன கேட்டால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும்’ என்பதுதான் ஆள் மாறினாலும் நிற்கிற விதி.

முதலில் ‘தெரிந்தவர்’ யார் என்பதை அளந்து கொடுங்கள்: அம்மாவோ அப்பாவோ நேரில் பார்த்துப் பேசியவர் மட்டுமே தெரிந்தவர். ஒரு தாளில் ஒரு வட்டம் போட்டு, அந்த அளவுகோலில் தேறுகிற பெயர்களை அவளையே எழுதச் சொல்லுங்கள். வட்டத்துக்கு வெளியே ‘விளையாட்டில் மட்டும் தெரிந்தவர்கள்’ என்று இன்னொரு பட்டியல். அந்த நாலு நாள் நண்பன் அங்கே போவான். வெளியே இருப்பவர்களைக் கெட்டவர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், அடுத்து அன்பாகப் பேசுகிற ஒருவரைப் பார்த்ததும் ‘இவர் நல்லவர், அம்மா சொன்ன ஆள் இவர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவாள்.

அடுத்தது ஐந்து விரல் பாடம். பெயர், பள்ளி, வீடு எங்கே, வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்பது ஒரு விரல். படம் அனுப்பு, கேமராவைப் போடு என்பது ஒன்று. ‘இதை யார்கிட்டயும் சொல்லாதே’ என்பது ஒன்று. ‘வேற ஆப்புக்கு வா’ என்பது ஒன்று. சும்மாவே பரிசு தருகிறேன் என்பது கடைசி விரல். இவற்றில் எது வந்தாலும், கேட்டது யாராக இருந்தாலும், உங்களிடம் வர வேண்டும். ‘யாராக இருந்தாலும்’ என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதில் உறவினரும் அடக்கம், வாத்தியாரும் அடக்கம்.

மூன்றாவது விரலில் ஒரு சிக்கல் வரும். ‘அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கியிருக்கோம், சொல்லிடாதே’ என்று நாமே சொல்கிறோமே என்று கேட்பாள். வித்தியாசம் இதுதான்: ஆச்சரியம் என்றால் ஒரு நாள் எல்லோருக்கும் தெரியப்போகிறது, அந்த நாள் எதுவென்றும் நமக்குத் தெரியும். ரகசியம் என்றால் அப்படி ஒரு நாளே கிடையாது. ஏழு வயதுக்கு இது நன்றாகவே புரியும்.

எப்படி வருவது என்பதையும் பழக்க வேண்டும். பதில் எழுதக் கூடாது. எதையும் அழிக்கக் கூடாது. டேப்லெட்டைக் கவிழ்த்தபடி கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம் வர வேண்டும். கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. பயந்த குழந்தை பட்டென்று மூடும், இல்லாவிட்டால் அழித்துவிடும். பிறகு யார் என்ன கேட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. கவிழ்த்துவிட்டால் அவளும் பார்க்க வேண்டாம், உங்களுக்கும் எல்லாம் அப்படியே கிடைக்கும்.

பிறகு ஒத்திகை. வாரம் ஒரு முறை, ஐந்து நிமிடம், நீங்கள் அந்த ஆன்லைன் ஆள், அவள் அவளாகவே. பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் சொதப்புகிறார்கள்: வில்லன் குரலில் பேசுவார்கள். குழந்தை சிரித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடும், கற்றுக்கொண்டது எதுவும் இருக்காது. இனிமையாகப் பேசுங்கள். ‘உன் ஸ்கின் சூப்பரா இருக்கே! எனக்கும் ஏழு வயசுதான். நீ எந்த ஸ்கூல்?’ என்று ஆரம்பியுங்கள். (ஸ்கின் என்பது விளையாட்டில் அவளுடைய பாத்திரத்தின் தோற்றம்.) மூன்றாவது வாரத்தில் ‘உங்க அம்மாவுக்கு என்னை நல்லாத் தெரியும்’ என்று போட்டுப் பாருங்கள். அதில் பல குழந்தைகள் தடுமாறும். தடுமாறினால் திருத்த உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, ஆறு வயதுக்கு இவ்வளவும் வேண்டாம். ‘ஸ்க்ரீன்ல யார் உன்கிட்ட பேசினாலும் எழுதினாலும் என்கிட்ட எடுத்துட்டு வா’ என்ற ஒரே விதி போதும்.

எந்த வயதானாலும் கூடவே ஒரு வாக்கு கொடுக்க வேண்டும்: ‘நீ என்ன பண்ணியிருந்தாலும், வந்து சொன்னதுக்காகத் திட்ட மாட்டேன், டேப்லெட்டைப் பிடுங்க மாட்டேன்.’ பிள்ளைகள் மறைப்பதற்கு வெட்கமும் ஒரு காரணம்தான். ஆனால் விளையாட்டு பறிபோய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. கொடுத்த வாக்கை ஒரு முறை மீறினால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

ஐந்து வயதுப் பையன். யூடியூப் மட்டும்தான் பார்க்கிறான். அவனுக்கும் இதெல்லாம் தேவையா?
– ஒரு வாசகி

குறைவாகத் தேவை. சாதாரண யூடியூபில் கமெண்ட்டும் நேரலைச் சாட்டும் உண்டு. 2015-இல் வந்த யூடியூப் கிட்ஸ் ஆப்பில் கமெண்ட் எழுதவோ படிக்கவோ வழி கிடையாது. அதைப் போட்டு, ‘அப்ரூவ்டு கன்டென்ட் ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் சேர்த்த வீடியோக்களும் சேனல்களும் மட்டுமே வரும், தேடலும் இருக்காது. பெற்றோர் பகுதிக்கு உங்கள் சொந்த ரகசிய எண்ணை வையுங்கள். வைக்காவிட்டால் அது கேட்பது ஒரு சின்னப் பெருக்கல் கணக்கு. அக்கா வாய்ப்பாடு ஒப்பிக்கிற வீட்டில் அது பூட்டே இல்லை.

மகனுக்கு ஒன்பது வயது. ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் இரண்டும் விளையாடுகிறான். நிறுத்தச் சொன்னால் வீடு இரண்டுபடும். விளையாட விட்டபடியே சாட் வசதியை மட்டும் கட்டுப்படுத்த முடியுமா?
– ஓர் அப்பா

முடியும். முதலில் அவன் கணக்கில் பிறந்த ஆண்டு என்னவென்று பாருங்கள். கணக்கு தொடங்கும்போது ‘13 ஆகவில்லை’ என்று தடுக்கக் கூடாதே என்று வாய்க்கு வந்த ஆண்டைப் போட்டிருப்பார்கள். பல வீடுகளில் போட்டது பெற்றோரேதான். அப்படிச் செய்தால் அந்த நிறுவனத்தைப் பொறுத்தவரை உங்கள் மகன் முப்பது வயது ஆள். குழந்தைகளுக்கென்று தானாக இயங்கும் பூட்டு ஒன்றும் அவனுக்குப் போடப்பட்டிருக்காது. (எங்கும் 13 என்று கேட்பதற்கு மூலம் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைத் திரட்டப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அது. மற்றபடி, 13 ஆனதும் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடுகிறது என்று அதற்குப் பொருள் இல்லை.) தவறான ஆண்டைத் திருத்த முடியாவிட்டால், சேர்த்து வைத்த பொருள்கள் போனாலும் பரவாயில்லை என்று புதுக் கணக்கே தொடங்கிவிடலாம்.

ரோப்லாக்ஸில் பெற்றோர் தங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, வயதைச் சரிபார்த்து, பிள்ளையின் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில் வந்த ஏற்பாடு இது. நண்பர் பட்டியல், விளையாடும் நேரம், எந்த வகை விளையாட்டுகள் என்பதை உங்கள் போனிலிருந்தே பார்க்கலாம், சாட்டை அடைக்கலாம். மைன்கிராஃப்டில் விளையாட்டுக்குள் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஓடுவதால், மகனுடையதைக் குழந்தைக் கணக்காக உங்கள் ‘ஃபேமிலி குரூப்’பில் சேர்த்து, எக்ஸ்பாக்ஸ் பிரைவசி பகுதியில் பலருடன் சேர்ந்து விளையாடுவதையும் சாட்டையும் கட்டுப்படுத்த வேண்டும். எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுக் கருவி வீட்டில் இல்லாவிட்டாலும் இடம் அதுதான்.

எந்த விளையாட்டுக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு: மைக்கை போனிலேயே மறுத்துவிடுவது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த விளையாட்டின் பெயர், பெர்மிஷன்ஸ், மைக்ரோஃபோன் என்று போய் ‘அனுமதி இல்லை’ என்று வைக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, மைக்ரோஃபோன். ஆனால் இது பாதி வேலைதான். மகன் பேசுவது வெளியே போகாதே தவிர, மற்றவர் பேசுவது அவன் காதில் விழும். அதனால் விளையாட்டுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட்டையும் அணைக்க வேண்டும். ஹெட்போனையும் சில மாதங்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். சத்தம் கூடத்தில் கேட்கட்டும். காதுக்குத் தொந்தரவுதான், வேறு வழியில்லை.

கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆப்பை இறக்கலாம், எவ்வளவு நேரம், போன் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அது சொல்லும். விளையாட்டுக்குள் யார் என்ன எழுதினார் என்பது அதற்குத் தெரியாது. ஐபோனின் ஸ்க்ரீன் டைமில் உள்ள தொடர்புக் கட்டுப்பாடும் அப்படித்தான்: போன் அழைப்பு, ஃபேஸ்டைம், மெசேஜஸ் ஆகியவற்றோடு நின்றுவிடும்.

கடைசியாக, விளையாட்டில் அவன் வைத்திருக்கும் பெயர். சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, பள்ளியின் சுருக்கப் பெயர் மூன்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். பெயரோடு ஒட்டிய நான்கு இலக்கம் வயதைத் தண்டோரா போடுகிறது.

பத்து வயது மகளுக்கு விளையாட்டில் யாரோ விலை உயர்ந்த உடையைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். பெண் என்றுதான் சொல்கிறாராம். இப்போது டிஸ்கார்டு என்ற சாட் ஆப்புக்கு வா, அங்கே பேசலாம் என்கிறாராம். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனா?
– ஓர் அம்மா

இல்லை. உங்கள் கடிதத்தில் ஐந்து விரலில் இரண்டு மடங்கிவிட்டன. ஏன் இடம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மற்றது புரியும். பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாட்டில் சொல் வடிகட்டி இருக்கும். போன் நம்பரையோ ஆபாசச் சொல்லையோ எழுதினால் நட்சத்திரக் குறிகளாக மாறிவிடும். படம் அனுப்ப வழியிருக்காது. புகார் செய்தால் நிறுவனத்திடம் பதிவு இருக்கும். வெளியே உள்ள சாட்டில் படம், வீடியோ அழைப்பு எல்லாம் திறந்து கிடக்கும்; சிலவற்றில் செய்தி தானாக மறைந்தும் போகும். போதாததற்கு டிஸ்கார்டு 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. பத்து வயதுப் பெண் அங்கே போக வேண்டுமென்றால் பொய் வயது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், ‘நீ பொய் சொன்னது உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?’ என்ற முதல் பிடி அந்த ஆளின் கையில்.

பரிசின் வேலை வேறு. அது குழந்தைக்கு ஒரு கடன்பட்ட உணர்வைக் கொடுக்கிறது. அடுத்து ஏதாவது கேட்டால் மறுக்க மனம் வராது. முதலில் கேட்பதும் பயமில்லாததாகவே இருக்கும்: முகம் தெரியும் ஒரு படம், அறை எப்படி இருக்கிறது என்று ஒரு வீடியோ. ‘வாங்கியது வாங்கியதுதான், அதற்காக நீ எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அந்த ஆளின் ப்ரொஃபைலைத் திறந்து, பெயரோடு ஐடி எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை ஒரு நொடியில் மாற்றலாம், எண் மாறாது. பிறகு ரிப்போர்ட். அதன் பிறகே பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் சில ஆப்களில் உரையாடலே கண்ணில் படாமல் போய்விடும். மகளை அந்த ஆளுக்குப் பதில் எழுத வைக்காதீர்கள். நீங்களும் அவள் பெயரில் பேசிப் பார்த்துத் துப்பறிய இறங்காதீர்கள். உஷாரானால் கணக்கை அழித்துவிட்டு வேறு குழந்தையிடம் போய்விடுவார்.

என் பெண் வீடியோ காலில் பார்த்துவிட்டாள், அந்தப் பக்கம் இருந்தது நிஜமாகவே ஒரு பள்ளிச் சிறுமிதான் என்கிறாள். பிறகென்ன பயம்?
– ஒரு வாசகர்

திரையில் தெரிந்தது முன்பே பதிவு செய்த வீடியோவாக இருக்கலாம். ‘என் மைக் வேலை செய்யலை’ என்று சொல்லி எழுத்தில் மட்டும் பேசினால் சந்தேகம் கொள்ளுங்கள். இப்போது முகத்தை மாற்றிக் காட்டும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. நிஜமான சிறுமியாகவே இருந்தாலும், அவள் அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது சட்டகத்துக்குள் வராது.

ஒரே ஆள் எத்தனை வேடம் போடலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் 2007-இல் கொலையுண்ட கார்லி ரையன் வழக்கே போதும். 15 வயதுப் பெண். ஆன்லைனில் அவள் பழகிய ‘பிராண்டன்’ என்ற இளைஞன் உலகத்திலேயே இல்லை. எழுதியது ஐம்பது வயது ஆள். அவரே பிராண்டனின் அப்பாவாக இன்னொரு வேடம் போட்டு வீட்டுக்கு வந்து, அவள் பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் கலந்துகொண்டிருக்கிறார். பெற்றோர் நேரில் பார்த்தாயிற்று என்ற அளவுகோலையே தோற்கடித்த வழக்கு இது. சிறுவர்களை நெருங்குவதற்காகப் பெரியவர்கள் வயதை மறைத்து ஆன்லைனில் திட்டமிடுவதே குற்றம் என்று 2017-இல் அந்த நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆகவே ஆன்லைனில் தொடங்கிய நட்பின் ‘அம்மா’, ‘அப்பா’, ‘அண்ணன்’ யாரையும் அந்த நட்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னரே நேரில் அறிந்த குடும்பமா என்பதுதான் கேள்வி.

மகனுக்குத் தனி போன் இல்லை. என் போனைத்தான் எடுப்பான். வாட்ஸ்அப்பில் தெரியாத நம்பர்களுக்கு அவனே பதில் எழுதியிருக்கிறான். எட்டு வயது.
– ஓர் அம்மா

போனைக் கொடுக்கும்போது ஒரே ஆப்பைப் பூட்டிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’, செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். போனுக்குப் போன் இடம் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸ் தேடலில் ‘பின்’ என்று தட்டினால் அகப்படும். வெளியேற ரகசிய எண் கேட்கும்படி வைத்தால்தான் அது பூட்டு. ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’, அக்சசிபிலிட்டி பகுதியில். பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய், குரூப்ஸ் என்பதை ‘மை கான்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். அதன்பின் முன்பின் தெரியாதவர் உங்களை நேரடியாகக் குழுவில் சேர்க்க முடியாது. அழைப்புத்தான் அனுப்பலாம், அதுவும் மூன்று நாளில் காலாவதியாகும். கால்ஸ் பகுதியில் ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ போட்டால் புது நம்பர் அழைப்புகள் மணியடிக்காமல் பட்டியலில் மட்டும் இருக்கும். இந்தப் பாதுகாப்பெல்லாம் ‘கான்டாக்ட்ஸ்’ என்ற சொல்லில்தான் தொங்குகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். டெலிவரி ஆள், பழைய வாடகைக்காரர் என்று ஆயிரம் பேரைச் சேமித்து வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் கதவு திறந்தபடிதான் இருக்கும்.

மகள் போனை அவளுக்குத் தெரியாமல் பார்ப்பது சரியா? பன்னிரண்டு வயது. கண்காணிக்கிற ஆப் ஒன்றையும் நண்பர் சொன்னார்.
– ஓர் அப்பா

தெரியாமல் வேண்டாம். ஒழுக்கம் பற்றிய பிரசங்கமாக இதைச் சொல்லவில்லை, அது வேலைக்கு ஆகாது என்பதால் சொல்கிறோம். நீங்கள் ஒளிந்து படித்ததில் ஏதாவது கிடைத்தால், எப்படித் தெரிந்தது என்று சொல்லாமல் அதைப் பற்றிப் பேச முடியாது. சொன்ன அன்றே அவள் தோழியின் போனிலிருந்து இரண்டாவது கணக்கு தொடங்கிவிடுவாள். அந்தக் கண்காணிப்பு ஆப்களில் பல, பிள்ளையின் செய்திகளையும் இருப்பிடத்தையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய் வைக்கின்றன. அந்நியரிடமிருந்து காப்பாற்ற இன்னொரு அந்நியரிடம் ஒப்படைப்பது போலத்தான்.

பத்து வயது வரை ஒளிவுமறைவே இல்லாத ஏற்பாடு நல்லது: கடவுச்சொல் பெற்றோருக்குத் தெரியும், கதவு சாத்திய அறையில் போன் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லியாயிற்று. பன்னிரண்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். வாரம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நண்பர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்க்கலாம். ‘இது யாரு, எங்க பார்த்தே?’ என்ற இரண்டே கேள்வி. பதில் இல்லாத பெயரை அவளே நீக்கட்டும். செய்திகளை வரிவரியாகப் படிப்பது, காரணம் இருக்கும்போது மட்டும்: எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பரிசோ விளையாட்டு நாணயமோ, நீங்கள் வந்ததும் சட்டென்று மாறும் திரை, வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள், நள்ளிரவுச் சாட். அப்போதும் ‘பார்க்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

இரவில் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். ஆளில்லாத இருட்டு நேரத்தைத்தான் எதிராளி விரும்புகிறார்.

குழந்தைகள் படத்தைப் போடவே கூடாதா?
– ஒரு பாட்டி

போடலாம் பாட்டி. பள்ளிச் சின்னம், வீட்டு வாசல், வண்டி நம்பர் மூன்றும் படத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன இடத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு போடுங்கள். கேமராவில் லொகேஷன் பதிவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக்கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடுகிறது, ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகிறது. பேரனிடம் ‘போடட்டுமாடா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தன் படத்துக்குத் தன் அனுமதி வேண்டும் என்பது அவனுக்கு அங்கேயே பழகும்.

பன்னிரண்டு வயது மகன். பெண் பெயரில் பேசிய யாரோ அவனிடம் அந்தரங்கப் படம் வாங்கிவிட்டார்கள். பணம் தராவிட்டால் வகுப்பில் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை.
– பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே பதில் போய்விட்டது. மற்றவர்களுக்காக இங்கே.

முதலில் மகனிடம்: ‘தப்பு செஞ்சது அவங்க, நீ இல்லை. இதைச் சரிபண்ண முடியும். நான் கூட இருக்கேன்.’ ‘ஏன் அனுப்பினே?’ என்ற கேள்வி இன்று வேண்டாம். பணத்துக்காக நடக்கும் இந்த மிரட்டலில் அதிகம் சிக்குபவர்கள் வளரும் பையன்கள்தான். இது சில மணி நேரத்தில் ஒரு பையனைத் தற்கொலை வரை தள்ளிவிடக்கூடியது. முதல் சில நாள்கள் இரவில் அவனைத் தனியே விடாதீர்கள். சாவைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்ப விடாதீர்கள். கொடுத்தால் நிறுத்துவதில்லை, கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்ததும் தொகைதான் ஏறும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திவிட்டு, ரசீதைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை அழிக்க வேண்டாம். மிரட்டல் வரிகள், எதிராளியின் பெயர், ஐடி எண், ப்ரொஃபைல் பக்கம், பணம் கேட்ட கணக்கு விவரம், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுங்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். இன்னொரு போனால் திரையைப் படம் எடுங்கள். மறையும் செய்தி இயங்கினால் அவகாசம் குறைவு: வாட்ஸ்அப்பில் மிகக் குறைந்த கெடு 24 மணி நேரம். ஒன்றில் மட்டும் கவனம். மகனின் அந்தரங்கப் படத்தைச் சான்றுக்காக என்றுகூட நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். சிறுவர்களின் அத்தகைய படத்தை அனுப்புவது பல நாடுகளில் பெற்றோருக்கும் குற்றமாகும். அது இருக்கும் போனிலேயே இருக்கட்டும். காவல்துறையிடம் போனை அப்படியே காட்டுங்கள்.

பிறகு அந்த ஆப்பிலேயே ரிப்போர்ட். ‘ஸ்பாம்’ என்ற வகையில் போட்டால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். சிறார் பாதுகாப்பு, பாலியல் சுரண்டல் என்றிருக்கும் வகையைத் தேடிப் போடுங்கள். அடுத்து பிளாக், அடுத்து காவல்துறையின் சைபர் பிரிவு.

படம் பரவுவதைத் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. காணாமல்போன, சுரண்டப்பட்ட சிறார்களுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023 முதல் நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டாம். படம் இருக்கும் அதே போனில் அந்தத் தளத்தைத் திறந்து படத்தைத் தேர்ந்தெடுத்தால், அதற்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணைப் போனே கணக்கிடும். அந்த எண் மட்டும்தான் வெளியே போகும், படம் போனை விட்டு நகராது. சேவையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத் தங்கள் தளத்தில் உள்ள படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். குறை உண்டு: சேராத தளங்களில் பலிக்காது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கும்படி பூட்டிய சாட்டுக்குள் போகும் படத்தையும் பிடிக்காது. வெட்டியோ திருத்தியோ போட்டால் எண் மாறக்கூடும் என்பதால், கையில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே சேருங்கள்.

சாதாரண முகப் படத்தை வைத்து ஏஐ மூலம் போலி நிர்வாணப் படம் செய்து மிரட்டுவதும் நடக்கிறது. ‘அது நான் இல்லையே’ என்று விட்டுவிடாமல் இதே வரிசையில் போங்கள்.

இதுவரை எதுவும் நடக்காத வீடுகளுக்கு ஒரு குறிப்பு: ஐபோனில் ‘கம்யூனிகேஷன் சேஃப்டி’ என்ற வசதி நிர்வாணப் படம் வந்தாலும், அனுப்பப் போனாலும் மங்கலாக்கி எச்சரிக்கும். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் 13 வயதுக்குட்பட்ட குழந்தைக் கணக்குகளில் தானாகவே இயங்குகிறது. இங்கேயும் சரியான பிறந்த ஆண்டு இருந்தால்தான்.

எங்கள் பையன் தானாக வந்து சொன்னான். நான் ஆத்திரத்தில் அடித்துவிட்டேன், போனையும் பிடுங்கிவிட்டேன். இப்போது எதுவும் சொல்வதில்லை. பதினொரு வயது.
– ஓர் அப்பா

நீங்களே போய்ப் பேச வேண்டும். அவன் வருவான் என்று காத்திருக்காதீர்கள். முகத்துக்கு முகம் உட்கார வைத்தால் விசாரணை போலிருக்கும். நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, பக்கவாட்டில் இருக்கும்போது சொல்லுங்கள்: ‘நீ வந்து சொன்னது சரி. நான் அடிச்சது தப்பு. பயத்துல அப்படிப் பண்ணிட்டேன்.’ அதோடு நிறுத்துங்கள். ‘இருந்தாலும் நீ...’ என்று ஒரு வால் ஒட்டினால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

போனை ஒரு தேதி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து நண்பர் பட்டியலையும் செட்டிங்ஸையும் சரிசெய்யுங்கள். உங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் போய்ச் சொல்ல இன்னும் இரண்டு பெரியவர்களை அவனே தேர்ந்தெடுக்கட்டும்: சித்தியோ, மாமாவோ, ஒரு டீச்சரோ. அவன் சொல்லும் பெயர்களில் உங்களுக்குப் பிடிக்காத ஆள் இருந்தாலும் முகம் சுளிக்காதீர்கள். அவர்களிடம் நீங்கள் முன்கூட்டியே பேசி, அவன் என்ன சொன்னாலும் முதலில் முழுதாகக் கேட்டுக்கொள்ளும்படி சொல்லி வையுங்கள்.

சில வாரம் கழித்து ஏதாவது அற்ப விஷயத்தோடு வருவான். ‘யாரோ எனக்கு லிங்க் அனுப்பியிருக்காங்க’ என்பது போல. அது உங்களைச் சோதித்துப் பார்ப்பது. கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, ‘காட்டு, பார்க்கலாம்’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.